மோகனத்தை விட்டுப் போன இரண்டு பேர்

திருவனந்தபுரத்தில் சங்கீதத்தைச் சண்டையாகச் சொல்லிக்கொடுத்த ஒரே மனுஷி எங்கள் சண்டை டீச்சர்தான். கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வருவார். வகுப்புக்குள்ளும் குடையை மடக்கமாட்டார். கேட்டால், "தாளம் தலையில விழுந்துட்டா?" என்பார்.

அவருக்கு ஒவ்வொரு ராகமும் ஒரு வீடு. ஸ்வரங்கள் அதில் குடியிருப்பவர்கள்.

"ஹரிகாம்போதின்னு ஒரு வீடு. ஏழு பேர். ஒரு நாள் பெரிய சண்டை. ‘ம’வும் ‘நி’யும் கோவிச்சுண்டு கிளம்பிட்டா. மிச்சம் அஞ்சு பேர் இருக்கற வீடுதான் மோகனம்."

பாடியும் காட்டினார்.

"எதுக்கு டீச்சர் சண்டை?"

"அதைத்தான் நானும் யோசிச்சிண்டிருக்கேன்."

வீட்டில் நான் ராகத்தை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் ஒப்பித்தேன். "அப்பா, ஏழு பேர் இருந்த வீட்டுல ரெண்டு பேரு சண்டை போட்டுட்டுப் போயிட்டாவளாம். டீச்சர் சொன்னாவ."

அப்பா நாஞ்சில் நாட்டுக்காரர்; சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை. எங்கள் வீட்டிலும் ஏழு பேர்தான் இருந்தோம். அதற்கு முந்தின மாதம்தான் சித்தப்பாவும் சித்தியும் அப்பாவோடு சண்டையிட்டு, மலையோர ஊரான வித்துராவுக்குப் போயிருந்தார்கள். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"பிள்ளைய இனிப் பள்ளிக்கூடத்துக்கு விடண்டாம், கேட்டியா?" என்றார் அம்மாவிடம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடைசி ஆளும் நானே ஆகிவிடுவேன் போலிருந்தது.

மறுநாள் என் பெயரை வெட்ட அப்பா வந்தார். நேரே வகுப்புக்குள் நுழைந்தார்.

"எங்க வீட்டு விசயத்தப் பாட்டாக்கிப் பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கியளோ?"

"உக்காருங்கோ பிள்ளைவாள். பாட்டு நடக்கறது."

குழந்தைகளின் பெஞ்சுதான் இருந்தது. அப்பா முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் மோகனம் பாடினார்.

"இது என்னது?"

"ரெண்டு பேர் கோவிச்சுண்டு போன வீடு."

"ராகம்!" என்று வகுப்பே கத்தியது.

அப்பாவின் முகத்தில் அசடு வழிந்தது. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

"போன ரெண்டு பேரு எங்க?"

"இந்தோளம்னு வேற ஒரு வீட்டுல இருக்கா." அதையும் பாடினார்.

"அங்க... நல்லா இருக்காவளா?"

"நன்னாத்தான் இருக்கா. ஆனா, விசாரிக்க யாரும் வரலையேன்னு கேக்கறாப்பல இல்லே?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "பிள்ளை படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வித்துராவுக்கு வண்டியேறினார்.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வீட்டு விஷயம் டீச்சருக்கு முன்பே தெரியுமா என்று கேட்கப் பலமுறை கோட்டைக்குள் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காபி குடித்து, ஒரு ராகம் கேட்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமலே திரும்பிவிடுகிறேன். கேட்டுவிட்டால், அப்புறம் என்ன சாக்குச் சொல்லிக்கொண்டு போவது?