வழுக்கியது ஓட்டல் படியில்தான்

சாதிக் பாட்ஷா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கால் உடைந்தது ஓட்டல் படிக்கட்டில்தான். பனிமலையில் அல்ல. அல்லவே அல்ல.

துபாயில், தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் மனிதர். லீவுக்கு மனைவி பாஹிமாவோடு ஜார்ஜியா போனார். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும் வேலை பாஹிமாவுடையது. "பனிச்சறுக்குக்குத் தனியா கவர் இருக்காம், எடுக்கவா?" என்று கேட்டவளிடம், "அம்பது வயசுல எலும்பை ஒடிச்சுக்கக் காசு கட்டுவாங்களா?" என்று உபதேசம் செய்தவர் அவரே. மூன்றாம் நாள், தலைவலி என்று படுத்த பாஹிமாவை அறையில் விட்டுவிட்டு, ஆழம் தெரியாமல் காலை விட்டவரும் அவரே.

இப்போது அஜ்மான் வீட்டு சோபாவில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். வலியைவிடப் பயம் பெரிது. க்ளைம் கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி பில் தலையில் விழும். அதுகூடப் பரவாயில்லை. விஷயம் பாஹிமாவுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

போன் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பிருந்தா என்ற பெண். பாஹிமா ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"சார், எப்படி விழுந்தீங்க?"

"ஓட்டல் படியிலம்மா. ஒரே ஈரம்."

"எத்தனாவது படி சார்?"

"மூணாவது. நாலாவதாவும் இருக்கலாம்."

"ஹெல்மெட் போட்டிருந்தீங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரே?"

சாதிக் பாட்ஷா தண்ணீர் கேட்டார். பாஹிமா கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா. படியெல்லாம் மோசம்."

"மலையிலேர்ந்து ஸ்ட்ரெச்சர்ல இறக்கினாங்கன்னும் இருக்கு."

"ஓட்டலே கொஞ்சம் உசரத்துலதாம்மா."

"சார், தப்பான தகவல் கொடுத்தா க்ளைம் மொத்தமா போயிடும். கடைசியா கேக்கிறேன். எப்படி விழுந்தீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு நேரம்தான் முடியும்? "ஸ்கீ பண்ணேம்மா. அதுக்குக் கவர் மாஃபி, கிடையாது. கலாஸ், முடிஞ்சுது, விட்ருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கவர் இருக்கே சார்! உங்க ரெண்டு பேருக்குமே எடுத்திருக்கு. முதல் தடவைன்னா கோச் கூட இருக்கணும், அதான் ஒரே கண்டிஷன்."

"கோச்சுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"இருந்தாரே சார். எழுதியே கொடுத்திருக்காரு. 'நில்லுங்கன்னு பதினோரு தடவை கத்தினேன். அவர் மாஃபி, மாஃபின்னு சொல்லிட்டு இன்னும் வேகமா போனார்'னு."

மலையில் கத்திக்கொண்டே பின்னால் வந்த அந்தச் சிவப்பு ஜாக்கெட்காரன்! சாதிக் பாட்ஷா தேராவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். 'மை ஃப்ரெண்ட், மை ஃப்ரெண்ட்' என்று ஒருவன் பின்னாலேயே வந்தால் அவன் வாட்ச் விற்பவன். திரும்பிப் பார்த்தால் தொலைந்தோம். தேராவில் அவர் 'மாஃபி', ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எட்டி நடை போடுவார். மலையிலும் அதைத்தான் செய்தார். என்ன, அங்கே காலில் சறுக்குக்கட்டை இருந்தது.

"க்ளைம் பாஸாயிடும் சார். உடம்பைப் பாத்துக்குங்க" என்று பிருந்தா போனை வைத்தாள்.

அல்ஹம்துலில்லாஹ்! சாதிக் பாட்ஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய் சொன்னதற்குத் திட்டு விழவில்லை, பில்லும் விழவில்லை. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? கண் கலங்கிவிட்டது.

"நான் வேணாம்னு சொல்லியும் எனக்குன்னு கவர் எடுத்து, கோச்சும் வெச்சியா புள்ள? நான் போவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குன்னு யாரு எடுத்தா?" பாஹிமா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "ஃபேமிலி பாலிசி மச்சான், ஒரு ஆளுக்கு மட்டும் தரமாட்டாங்களாம். அவரு என்னோட கோச். கீழே நீங்க தள்ளாடுறதப் பாத்துட்டு நான்தான் அவரை அனுப்பிவெச்சேன். நான் உச்சியிலேர்ந்து தனியா சறுக்கி வர்றதுக்குள்ள நீங்க விழுந்துட்டீங்க."