சிவப்பு மூடி, நீல மூடி

“அய்யய்யோ, சிவப்பு மூடியில தவசி மச்சான் பேரு முன்னாடி வருதே!”

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அச்சகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து அலறினார் சூர்யபிரகாஷ்.

அலறாமல் என்ன செய்வார்? மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் இரண்டு பேர்: பேரையூர் முத்திருளன், மதுரை செல்லூர் தவசி. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவர் மடியில்தான் பிள்ளை உட்காரும். மாமன் சீரில் தங்கச் சங்கிலி போடுவதும் அவர்தான். “எம் பேரு ரெண்டாவதா வந்துச்சுன்னா, வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று இருவரும் தனித்தனியாக ஊரே கேட்கும்படி சொல்லியிருந்தார்கள். மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? மனைவி கனகா மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தாள்.

சூர்யபிரகாஷ் மூளையைக் கசக்கி இரண்டு அழைப்பிதழ் தயாரித்தார். அவரவர் ஊருக்கு அவரவர் பெயர் முதலில். ஒரே மாதிரி இரண்டு பென் டிரைவ். சிவப்பு மூடி பேரையூருக்கு, நீல மூடி செல்லூருக்கு. குடும்பத்துக்கே வழக்கமான அச்சகம் என்பதால், நடத்துகிற தாமரைச்செல்வியிடம் விவரத்தைச் சொல்லி நேற்றுக் காலையே கொடுத்துவிட்டுப் போனார். இன்று சரிபார்க்க வந்தால் இப்படி.

“இப்படியே இருந்துட்டுப் போகட்டுமேண்ணே” என்றாள் தாமரைச்செல்வி.

“நல்லாருக்கே! எம் பொண்டாட்டிக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிரும். எந்திரி, நான் பாக்குறேன்.”

இரண்டு மூடிகளையும் கழற்றி மாற்றிப் போட்டிருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் அவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர். மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் நின்றுபோனால், அணைத்துவிட்டு மறுபடி போடுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஃபைலைத்தான் மாற்றுவது என்று உட்கார்ந்தார்.

இரண்டு ஃபைலுக்கும் ‘அழைப்பிதழ்’ என்றே பெயர் வைத்திருந்தார். சிவப்பில் இருந்ததை நீலத்துக்குக் காப்பி பண்ணினார். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ‘ஆமாம்’ என்று அமுக்கினார்.

“அண்ணே, இப்ப ரெண்டுலயும் தவசி அண்ணன்தான் மொதல்ல.”

“தெரியும், தெரியும்” என்றார், தெரியாமலேயே.

சிவப்பைத் திறந்து முத்திருளனை மேலே ஏற்றினார். இரண்டு மணி பேரையூர் பஸ்ஸில் அழைப்பிதழ்க் கட்டை ஏற்றியாக வேண்டும். அந்த அவசரத்தில் சேவ் ஆகி முடிவதற்குள் டிரைவைப் பிடுங்கினார். மறுபடி செருகியதும், இதை ஃபார்மட் பண்ணினால்தான் ஆகும், பண்ணவா என்று கேட்டது. அதற்கும் ‘ஆமாம்’. சிவப்பு டிரைவ் துடைத்து வைத்தது போல் காலி.

“ஏண்ணே, எதக் கேட்டாலும் ஆமாங்கிறீங்க?”

“மரியாதையாக் கேக்குதும்மா!”

நீலத்தில் இருந்ததைத் திறந்து முத்திருளனை மேலே கொண்டுவந்தார். வேறு பெயரில் சேமிக்க வேண்டும் என்பது மறந்துபோய், வெறும் சேவை அமுக்கினார். இப்போது தவசியை முதலில் போட்ட அழைப்பிதழ் உலகத்திலேயே இல்லை.

சூர்யபிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மாமன் மடி கிடைக்காமல் நிற்பது போலவே தெரிந்தது.

“விட்டுருங்கண்ணே” என்றாள் தாமரைச்செல்வி, என்னவோ சொல்ல வாயெடுத்து.

“பேசாத!”

முதலிலிருந்து தானே டைப் அடித்தார். ஒன்றுக்கு ‘முத்திருளன்’, இன்னொன்றுக்கு ‘தவசி’ என்று பெயர் வைத்தார். அச்சாகி வந்ததும் ஒவ்வொரு கட்டையும் மூன்று முறை பார்த்தார். பேரையூர்க் கட்டு பேரையூர் பஸ்ஸிலும் செல்லூர்க் கட்டு மதுரை பஸ்ஸிலும் ஏறின. பஸ்கள் கண்ணில் மறைந்த பிறகுதான் அச்சகத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அப்பாடா! அவுக கேட்ட மாதிரியே செஞ்சாச்சு. இனி ரெண்டு மச்சானும் வந்துருவாக.”

தாமரைச்செல்வி இரண்டு மூடிகளையும் மேசைமேல் வைத்தாள்.

“ரெண்டு பேரும் நேத்து சாயங்காலம் தனித்தனியா வந்து, ‘வெளிய சொல்லிராதம்மா, சங்கிலிக்கு வழியில்ல, எம் பேர ரெண்டாவதாப் போட்டுரு, கோவிச்ச மாதிரி வந்து நின்னுக்கிறேன்’னு கையப் பிடிச்சுக் கேட்டாகண்ணே, அதான் மூடிய மாத்திப் போட்டேன்.”