சர்க்கரை அலமாரிக்குப் போட்ட பூட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசித் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் போன் போட்டு என்னைத் திட்டியிருப்பாய்.

"இன்சுலின் போடுற பிள்ளையை ஏன்டா ஓடவிடுற? பந்தயத்துக்கு அனுப்பினா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கவலையை விடு. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள், உன் மருமகள், ஓடமாட்டாள். பூட்டுக்கடைக்காரனுக்கு எதை எப்போது பூட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை அளவை என் போனுக்கு அனுப்பும். போன சனிக்கிழமை காலை, அவள் ஓட்டப் பயிற்சியில் இருந்த நேரம், கடையில் சாவிக்கு அரம் போட்டபடி பார்க்கிறேன், அளவு ஏறுகிறது. ஓடினால் இறங்கத்தானே வேண்டும்? பயிற்சியாளர் மிட்டாய் கொடுக்கிறார் என்பது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அரத்தோடு மைதானத்துக்குப் போய் அவர் சட்டைப்பையைச் சோதித்தேன். ஒரு விசில்தான் இருந்தது. "ஐயா, முழு வேகத்துல ஓடுறப்ப கல்லீரல் சர்க்கரையை எடுத்து விடும், கொஞ்ச நேரம் ஏறும். தசையெல்லாம் அதை இழுத்துக்கறது அப்புறம்தான். சாயங்காலம் வரைக்கும்கூட இறங்கும், கவனமா இருங்க" என்றார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். வீட்டுக்கு வந்து பிஸ்கட், ஜூஸ், சர்க்கரை டப்பா அனைத்தையும் அலமாரியில் அடைத்து, நானே செய்த ஏழு லீவர் பூட்டைப் போட்டேன்.

மத்தியானம், சர்க்கரை இறங்கிவிட்டதென்று போன் அலறியது. பிள்ளை நாற்காலியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். சாவியை யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வைத்திருந்தேன்; அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம். கம்பியை விட்டுத் திருகினேன். ஊர்ப் பூட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற கைக்கு, நானே செய்த பூட்டு மசியவில்லை. பயந்துபோனேன் அக்கா. அவளோ காலுறைக்குள்ளிருந்து குளுக்கோஸ் மாத்திரையை எடுத்து மென்றபடி, "அப்பா, பூட்டை விடுங்க. கீல்ல இருக்கற திருகாணியைக் கழட்டுங்க" என்றாள். கால் மணி நேரத்தில் அவளுக்குச் சரியாகிவிட்டது. கதவைக் கழற்றி முடிக்க எனக்கு இன்னும் நேரமானது.

"டாக்டர் சொன்னபடி இன்சுலினைக் குறைச்சுதான் போட்டா. பயிற்சி முடிஞ்சு சாப்பிட வேண்டியதை யார் பூட்டி வெச்சது? ஓட்டம் ஒண்ணும் பண்ணல, உங்க பூட்டுதான் பண்ணுச்சு" என்று உன் தம்பி மனைவி வாதாடினாள். நான் அசையவில்லை. பிடித்த பிடி பிடித்ததுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத தம்பி

பின்குறிப்பு: தபால் எடுக்கும் நேரம் நெருங்கியதால் இதை உன் மருமகளிடமே கொடுத்து, "பறந்து போ" என்றேன். உறையில் முகவரி எழுத மறந்திருக்கிறேன். தெருமுனைவரை போனவள் அதே வேகத்தில் திரும்பி வந்து நிற்கிறாள். வாசலில் நின்று பார்த்த எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. இவள் ஓடி நான் முழுசாகப் பார்த்ததே இல்லை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம். நேராக மைதானத்துக்கு வந்துவிடு. ஜூஸ் பை என் தோளில் இருக்கும். அதற்கு ஜிப்கூடக் கிடையாது.