பிரெஞ்சில் ஆங் கொட்டிய கதை

எனக்குப் பிரெஞ்சு மொழியில் மொத்தம் நாற்பத்து மூன்று வார்த்தைகள் தெரியும். அவற்றில் நாற்பத்திரண்டு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத சாதுவான வார்த்தைகள். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு வயதுக் குழந்தையைத் திருத்தணி மலையில் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏற்றி ஏமாற்றியவன் நான். இதை நானே சொல்லிவிடுவது உத்தமம். எங்கள் வீட்டில் வேறு யார் சொன்னாலும் என் மீசையைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வீடு ஆர்.கே.பேட்டையில். கீழே நான்கு விசைத்தறி, மேலே நாங்கள். தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்குக் காது என்பது கண்ணாடி மாட்டுவதற்காக ஆண்டவன் கொடுத்த ஆணி. யார் என்ன பேசினாலும் நாங்கள் 'ஆங்' என்போம். ஆங் என்றால் ஆமாம்தான். எதற்கு ஆமாம் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. எங்கள் நைனா (அப்பாதான்) ஒருமுறை போனில் யாருக்கோ ஆங், ஆங் என்று சொல்லி வைக்க, மறுநாள் காலையில் வாசலில் இரண்டு எருமைக் கன்றுகள் வந்து நின்றன. திருப்பி அனுப்ப ஒரு வாரம் ஆயிற்று. அப்போதாவது திருந்தியிருக்க வேண்டாமா? அந்த எருமைக்காரர் திட்டியதற்கும் நைனா ஆங் என்றுதான் சொன்னார்.

என் அக்கா தேவிகாவைப் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். பாவாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, வேலை, வீடு எல்லாம் பாரிஸ் பக்கம். அவர்கள் மகள் லீனா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தையைப் பார்த்து அக்கா அங்கிருந்தே வேண்டிக்கொண்டாள்: பிழைத்தால் திருத்தணியில் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை. குழந்தை பிழைத்துக்கொண்டது. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போனது. அப்புறம் அக்காவுக்கே உடம்பு சரியில்லாமல் போயிற்று.

ஒருநாள் அவள் போன் செய்தபோது நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என் காதில் விழுந்தது 'டாக்டர்' என்ற ஒரே ஒரு சொல். "ஆங், ஆங், பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். 'எனக்கு பயமா கீதுடா, நீ ஒரு தபா வந்துட்டுப் போறியா' என்று அவள் கேட்டிருக்கிறாள். அதைப் பாவா எனக்குச் சொன்னபோது அக்கா உயிரோடு இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பாவாவிடமிருந்து போன் வந்தது. "அவ வேண்டுதலை முடிக்கணும். லீனாவை கூட்டிட்டு வர்றேன். ஆனா அவளுக்குத் தமிழ் போயிடுச்சு. அம்மான்ற வார்த்தை மட்டும்தான் மிச்சம்."

முன்பின் தெரியாத ஒரு மாமன் மடியில் அந்தக் குழந்தை எப்படி உட்காரும்? எனக்கு அந்த ஒரு கவலைதான். அக்கா கூப்பிட்டபோது நான் போகாமல் இருந்துவிட்டேன். அவள் மகளாவது என்னிடம் பயப்படாமல் வரவேண்டும். அதற்கு மூன்று மாதம் இருந்தது. போனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். (அதற்கு முன் இங்கிலீஷை அரியர் வைத்து மூன்றாம் முறை தேறியவன் நான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.)

முதல் நாள் அறிமுகத்தை விட்டால், அதில் இலவசமாகத் திறந்தது ஒரே ஒரு பாடம்தான்: நகரத்தின் புகழ்பெற்ற இடங்கள். கோபுரம், அரண்மனை, அருங்காட்சியகம், பாலம், ரயில் நிலையம். இடத்தின் எதிரில் நின்று பெயரை உரக்கச் சொன்னால் மறக்காது என்று அதிலேயே போட்டிருந்தது. பாரிஸில் இருப்பவர்களுக்குச் சரி. திருத்தணியில் மொபைல் கடையில் வேலை பார்ப்பவன் அரண்மனைக்கு எங்கே போவது?

இருப்பதை வைத்துச் சமாளித்தேன். கோபுரம் இருக்கிறது: 'தூர்'. ரயில் நிலையம் இருக்கிறது: 'கார்'. தண்டவாளத்தைத் தாண்டும் நடைமேம்பாலம்: 'போன்'. பிளாஸ்டர் சிங்கம் இரண்டு வைத்த ஒரு கல்யாண மண்டபத்தை அரண்மனையாக நியமித்தேன்: 'ஷாத்தோ'. அருங்காட்சியகத்துக்கு எங்கள் கடையிலேயே விற்காமல் கிடந்த பட்டன் போன் அலமாரி போதுமானதாக இருந்தது: 'மியூஸே'. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக நின்று கத்தினேன். மண்டபத்து வாட்ச்மேன் மூன்று நாள் பொறுத்தார்.

"இன்னா தம்பி, டெய்லி வந்து சிங்கத்த திட்டிகினு போற?"

"திட்டலீங்க. படிக்கிறேன்."

"படிச்சா இப்டிதான் ஆவும்" என்றார் அவர், மிகுந்த இரக்கத்தோடு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் லீனாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். பாவா அவள் முன்னால் போனை நிறுத்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவார். நீளமான இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டு இல்லை, அக்காவின் அதே முறைப்பு. நான் கோபுரத்தைக் காட்டி 'தூர்' என்றால், அவள் என் உச்சரிப்பைத் திருத்துவாள். பத்து முறை திருத்துவாள். அப்புறம் தலையில் அடித்துக்கொள்வாள். படி, மணி, மயில், யானை என்று என் சொத்து பெருகியது. 'ஊ ஏ லா தூர்?', அதாவது 'கோபுரம் எங்கே?' என்று ஒரு முழு வாக்கியமும் கற்றேன். மற்றபடி பெயர்கள்தான். எனக்கு வினைச்சொல் என்று ஒன்றுமே கிடையாது. ஓடாத, பேசாத, அழாத ஒரு பிரெஞ்சு.

அவளோ திடீரென்று கடகடவென்று நீளமாக ஏதாவது கேட்பாள். நடுவில் 'அம்மா' என்று வரும். அது மட்டும் புரியும். பாவம், அம்மாவைப் பற்றிப் பேசுகிறது குழந்தை. நான் என்ன செய்வேன்? பழக்கதோஷத்தில் ஆங் என்று வாய் திறக்கும். ஆங் என்றால் பிரெஞ்சில் 'வுய்'. ஆகவே, "வுய், வுய்" என்பேன். அவள் முகம் அப்படியே மலரும். ஆகா, நம் பிரெஞ்சு வேலை செய்கிறதே என்று நான் குளிர்ந்துபோவேன்.

வந்தார்கள். வந்த மறுநாள் காலையில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் மொட்டை. நைனா, என் அம்மா, பாவா, நான், லீனா. குழந்தை ஓடினால் பிடிப்பதற்கென்று அம்மா ஒரு பெரிய துண்டு கொண்டுவந்திருந்தாள்.

லீனா தானாகவே வந்து என் மடியில் உட்கார்ந்தாள். பின்னலைத் தொட்டுக் காட்டி என்னை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டாள். அம்மா என்று அதிலும் இருந்தது.

"வுய்" என்றேன்.

"கெட்டியா புட்சிக்கோங்க சார், கொயந்த ஆடிச்சின்னா கீறிடும்" என்றார் மொட்டை போடுபவர். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. பின்னல் இரண்டும் விழுந்தன. கத்தி ஓடியது. அசையவில்லை, அழவில்லை. அழுதது என் அம்மாதான்.

"எங்க ஊர்ல பெரியவங்களே கத்துவாங்க. இன்னாமா தகிரியம்!" என்றார் அவர், சந்தனத்தைப் பூசிக்கொண்டே.

"அல்லாம் மூணு மாச ட்ரெய்னிங்கு" என்றேன் நான். என் நெஞ்சு அன்றைக்கு இருந்த அகலத்துக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காதது ஆச்சரியம்.

நைனாவும் அம்மாவும் ஆட்டோவில் மேலே போனார்கள். லீனா படியில்தான் வருவேன் என்று இழுத்தாள். பாவா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, நானும் அவளும் முன்னால். 'படி' என்றேன். 'மணி' என்றேன். மயில் ஒன்று மதிலில் நிற்க, 'மயில்' என்றேன். எல்லாம் பிரெஞ்சில். அவள் எதையும் பார்க்கவில்லை. இளைப்பாறும் மண்டபம் வந்தால் உள்ளே ஓடி, உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். 'அம்மா' போட்டு ஏதோ கேட்டாள். "வுய், வுய்." இன்னும் வேகமாக ஏறினாள். படிக்குச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "மாமன் மேல இன்னா ஆசையா வருது பாரு" என்றார். நான் அதையும் நம்பினேன்.

சாமி பார்த்தோம். வள்ளி சன்னதி, தெய்வானை சன்னதி இரண்டிலும் லீனா எட்டி எட்டிப் பார்த்தாள். வெளியே பார்த்தபடி நிற்கும் கல் யானையிடம் வந்ததும் நின்றுவிட்டாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"ஊ ஏ அம்மா?"

மூன்று மாதத்தில் அவள் பேசி எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். கோபுரம் எங்கே, ரயில் நிலையம் எங்கே. அம்மா எங்கே.

பாவா மண்டியிட்டு அவளிடம் கேட்டார். அவள் என்னைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவர் நிமிர்ந்தபோது குரல் உடைந்திருந்தது.

"அம்மா சாமிகிட்ட போயிட்டான்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். மலை மேல சாமி வீடுன்னும் சொன்னேன். அங்க அம்மா இருப்பாளான்னு உன்னக் கேட்டாளாம். நீ ஆமான்னியாம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டாளாம். காலைல, மொட்டை அடிச்சா அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமான்னு கேட்டாளாம். அதுக்கும் ஆமான்னியாம்."

என் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஆங் போட்டுகினே கொயந்தய ஏமாத்திட்டியேடா பாவி" என்று கையை ஓங்கிய நைனா, பாதியில் கையை இறக்கிவிட்டார். அக்காவின் போன்களுக்கு அவரும் ஆங் போட்டவர்தானே. திரும்பிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

லீனா அழவில்லை. யானையின் காலடியில் உட்கார்ந்து, இல்லாத பின்னலைத் தோளில் தடவித் தேடினாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். மீண்டும் கேட்டாள், இந்த முறை சின்னக் குரலில். செயலியில் முதல் நாளே வரும் வார்த்தை ஒன்று உண்டு. எனக்குத் தேவைப்படாது என்று தள்ளிவிட்டுப் போன வார்த்தை.

"நோன்" என்றேன். இல்லை.

அடித்தாள். இரண்டு கையாலும் என் மார்பில், முகத்தில், சந்தனம் என் கண்ணில் போகும் அளவுக்கு அடித்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அடித்து ஓய்ந்த பிறகுதான் என் மேலேயே சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டியதையும் சேர்த்து அழுதேன்.

மூக்கைச் சிந்திய பிறகு பாவாவிடம் கறாராக ஏதோ சொன்னாள். பாவா தயங்கினார். "அவ முடி வீணாப் போயிடுச்சாம். மாமாவும் குடுக்கணுமாம். மீசையோட."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. (அந்த நாளில் என்னிடம் பார்க்கும்படியாக இருந்தது அந்த மீசை ஒன்றுதான்.) ஆனாலும் வாய் தானாக, "வுய்" என்றது. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்து நான் சொன்ன முதல் வுய் அது.

அதே முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கினோம். மொட்டை போடுபவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "யாருக்கு?" என்றார். லீனா சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் மடியைத் தட்டிக் காட்டினாள். தாய்மாமன் மடிக்குப் பதில் மடி. ஐந்தரை அடி ஆளாகிய நான் குனிந்து ஆறு வயதுக் குழந்தையின் மடியில் தலை வைத்தேன்.

"கெட்டியா புட்சிக்கோ பாப்பா" என்றார் அவர். காதைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியாகத்தான்.

பள்ளிப்பட்டில் பெண்ணின் அப்பா என் தலையையும் மேலுதட்டையும் பார்த்துவிட்டு, "வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆங்" என்றேன். பொய் இல்லையே. அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. காபியோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இதெல்லாம் நடந்து நான்கு வருஷம் ஆகிறது. எனக்கு மீசை முளைத்தது, வேறு இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் நான் எதற்குத் தலையாட்டினாலும் கேள்வி ஒன்றுதான். "பால் வாங்கியாங்க" என்று மனைவி சொல்ல, நான் ஆங் என்றால், "நெஜ ஆங்கா, பிரெஞ்சு ஆங்கா?" என்பாள். நைனாகூடக் கேட்கிறார். போன் வந்தால் முதலில் தறியை நிறுத்துகிறார், அப்புறம்தான் எடுக்கிறார்.

லீனாவுக்கு இப்போது பத்து வயது. இன்னும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறாள். பின்னல் மறுபடி தோளைத் தாண்டிவிட்டது. என் பிரெஞ்சு தீர்ந்துபோனால் நான் அவள் அம்மாவைப் பற்றித் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்: ரயில் பாலத்தில் நின்று அக்கா நிலக்கடலைத் தோலை வண்டி மேல் போட்டது, எருமைக் கன்றுக்கு ரிப்பன் கட்டியது, எல்லாம். முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு லீனா கேட்டுக்கொண்டிருப்பாள். இடையிடையே, அப்படியே அக்கா குரலில், "ஆங்... ஆங்..." என்பாள்.

அது நிஜ ஆங்கா, பிரெஞ்சு ஆங்கா என்று நான் கேட்பதில்லை.