பொன்ராஜ் படத்துக்குப் போட்ட இலவச மாலை

சேசு மரி சூசை துணை

ராயபுரம்

அன்புள்ள மச்சான் பிராங்கிளினுக்கு,

உன் அக்கா புருஷன் இன்னாசி எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா சில்வியாவும் இங்கே சுகம். விசாகப்பட்டினத்தில் இழுவைக்கப்பலில் இருக்கும் நீயும், தூத்துக்குடியில் உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜானட்டும் குழந்தையும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

துறைமுகத்தில் ரிட்டயர் ஆனபின் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உன் அக்கா முருங்கைக்கீரை ஆயச் சொல்கிறாள். அதற்குப் பயந்துதான் நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்ச் மேட்சாகச் சுற்ற ஆரம்பித்தேன். படம் எடுத்து, பிரேம் போட்டு, ஆடியவன் வீட்டில் கொண்டுபோய் விற்பது. ஆடுகிறவன் வாங்க மாட்டான், அம்மாக்காரிதான் வாங்குவாள். முதலில் எடுத்த படங்களில் பந்து இருந்தால் பையன் இல்லை, பையன் இருந்தால் தலை இல்லை. "இது எம் புள்ள காலுதான், மொகத்த எங்கண்ணா வுட்டே?" என்று ஓர் அம்மா கேட்டே விட்டாள். நம் பங்குத் திருவிழா மேட்சில்தான் கை பழகியது. நீ லீவில் வந்து கோல்கீப்பராக நின்றாயே, அதே மேட்ச். உன்னைத் தாண்டிக் கோல் போட்டானே திருவொற்றியூர் குப்பத்துப் பொன்ராஜ், அவன் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் விழுந்தது பார், நானே அசந்துபோய்விட்டேன்.

அதை யானைக்கவுனியில் கருணாகரன் என்பவரின் பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். முகத்தைப் பெரிசாக்கி, கூட்டத்தை எடுத்துவிட்டு, பின்னால் நீல வானமும் மேகமும் வைக்கச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சின்ன வயசு சார்" என்று பெருமூச்சு விட்டார். ஆமாம், இந்த வயசிலேயே இவ்வளவு என்று நானும் பெருமையாகச் சொன்னேன். சந்தனமாலையும் சிவப்பு பல்பும் கடை சார்பில் இலவசம் என்றார். இலவசம் என்றால் உன் மாமா வேண்டாம் என்பானா? ஜெயித்தவனுக்கு மைதானத்தில் மாலை போடத்தானே செய்கிறோம்? நம் வீட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு ராப்பகலாகச் சிவப்பு பல்பு எரிகிறதே, அதைவிடப் பெரிய மரியாதை உண்டா? இப்படித்தான் மச்சான் என் புத்தி போனது.

படத்தைக் கொடுக்கப் போன அன்று காலை பல் பிடுங்கியிருந்தேன். வாய் நிறைய பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு, போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அந்தக் கோலத்தில் பொன்ராஜின் அம்மா மங்கை வீட்டு வாசலில் போய் நின்று, வாயைத் திறக்க முடியாமல் படத்தைப் பிரித்து நீட்டினேன். பொன்ராஜோ விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான், போனும் கிடைக்கவில்லை. மங்கையம்மா மாலையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், மீன்கூடையைக் கீழே போட்டார்.

"ஐயோ என் ராசா! கடலுக்குப் போனவன போட்டோவா கொண்ணாந்துட்டானே!"

குப்பமே கூடிவிட்டது. நான் "கோல், கோல்" என்கிறேன், பஞ்சு வழியாக அது அழுகை மாதிரியே வருகிறது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா என் முதுகைத் தடவி, "நீ அழுவாதண்ணா" என்கிறார். பந்தல்காரர் நாற்காலியை இறக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தத்தோடு கத்தினேன்: "அவன் உசுரோடதாம்மா கீறான்!"

"அப்ப மாலை இன்னாத்துக்குயா?"

"ஃப்ரீம்மா!"

சொல்லியிருக்கக் கூடாது. மங்கையம்மா என் சட்டையைப் பிடித்தார். "எம் புள்ள கரைல காலு வெக்கிற வரைக்கும் நீ எங்கூடத்தான் குந்தினு இருக்கணும்" என்று ஆட்டோவில் ஏற்றிக் காசிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். அவர் திட்டவில்லை மச்சான், திட்டினால் பரவாயில்லையே. கடலையே பார்த்துக்கொண்டு என் சட்டையை விடாமல் பிடித்திருந்தார். என் மாலை ராசியில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கும் அழுகை வந்தது. இந்த முறை நிஜ அழுகை.

வெயில் தாழ்ந்த நேரம் அவன் படகு வந்தது. முன்பக்கமே நின்றான் மகராசன். "இன்னாம்மா, ஊரே வந்துகீது?" என்றான். அம்மா ஓடிப்போய் ஓர் அறை விட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. பொன்ராஜ் படத்தைப் பார்த்துவிட்டு, "நைனா, சோக்கா கீது! மந்திரி கணக்கா கீறேன்!" என்று என்னையும் தூக்கிச் சுற்றினான். அப்போதுதான் சட்டைப்பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்தது. போனால் போகட்டும், ஓர் உயிருக்கு முன்னால் போன் என்ன போன்!

மங்கையம்மா தன் கையாலேயே மாலையைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டு, படத்தை மட்டும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது எனக்கு ஒரு வஞ்சிரமும் கொடுத்தார். நானும் நிம்மதியாகத் தூங்குகிறேன். என் புண்ணியத்தில் மாலை ஏறிய படம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான், அந்த மாலையும் கடலோடு போயிற்று. இனி எந்த அம்மாவும் என்னால் அழ வேண்டியதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன் குடும்பத்தை முந்தானையால் மூடிக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமா
இன்னாசி

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. அதே நாள், அதே கடையில், உன் படத்துக்கும் பிரேம் போட்டேன். பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, கண்ணை மூடித் தரையில் கிடக்கிறாயே, அந்தப் படம். நாம் வேதக்காரர் என்றதும் கருணாகரன் மேலே ஒரு சிலுவையும் இலவசமாக வைத்தார். உன் பிறந்தநாளுக்கு ஜானட் திடுக்கிட்டு மகிழட்டும் என்று தூத்துக்குடிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். உன் அக்காவிடம் போன் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். ஆகவே இதைப் படித்த கையோடு நீயே ஜானட்டைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறேன் என்று உன் வாயால் சொல்லிவிடு. சத்தமாகச் சொல், அங்கே கூட்டமாக இருக்கும்.