அக்காவின் படகுக்குக் கடுக்காய்ச் சாறு

ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டதும் உலகத்திலுள்ள எல்லாத் தொழிலும் கைவந்துவிட்டதாக நினைக்கிற வயது ஒன்று உண்டு. எனக்கு அந்த வயது சற்று நீண்டுவிட்டது.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் டேனரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கடுக்காய்த் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. இடித்த கடுக்காயை ஊறவைத்து, அந்தச் சாற்றில் போட்டு எடுத்தால் மங்கிய தோலும் பொன்னிறமாகிவிடும். நானே ஏதோ அற்புதம் செய்வதாக எனக்கு நினைப்பு.

என் அக்கா எஸ்தர், கல்யாணமான மறுவருஷமே காலராவுக்குப் புருஷனைப் பறிகொடுத்து வீடு திரும்பியவள். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தவர் அருளப்பன். மதராஸ் கால்வாயில் சொந்தப் படகு ஓட்டுகிறவர். எங்கள் ஷாப்புக்கு வரும் பதனிடும் பட்டையை மதராஸ் ரயிலடிவரை படகில் கொண்டுவந்த வகையில் பழக்கம். அவருடைய தாயாருக்கு மட்டும் மனசில்லை. "நானும் சின்ன வயசுலதான் தாலிய எறக்குனேன். என்னிய யாரு கேட்டாங்க?" என்றாளாம்.

கல்யாணமானபின் இருவரும் படகிலேயே குடியிருப்பதாக ஏற்பாடு. படகின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதன் உட்சுவர்ப் பலகைகள் உப்புக்காற்றில் வெளுத்து, அடியில் உளுத்துப்போயிருந்தன.

"அந்தப் பலகைய நான் புதுசாக்கித் தர்றேன் மாமா. அதான் என் சீரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பலகைகள் கழற்றப்பட்டு ரயிலில் ஆம்பூர் வந்தன. பழைய பூச்சைச் சுரண்டினேன். உளுத்ததை அறுத்துப் புதுத் துண்டு ஒட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் பழைய மரமும் புது மரமும் நிறத்தில் ஒட்டவில்லை.

"வார்னிஷ் அடிச்சு முடிடா சாமுவேலு தோஸ்த்" என்றான் கூட வேலை செய்த கரீம். "கடுக்காய் தோலுக்குடா."

"தோலையே மாத்துது. பலகை எம்மாத்திரம்?" என்றேன்.

சாறு பூசிக் காயவைத்ததும் பலகைகள் தேன் நிறத்துக்கு வந்தன. அக்கா அவற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள். "நெசமாவே நல்லாருக்குடா" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதராஸ் போய், பலகைகளை இரும்பு ஆணி அடித்துப் பொருத்தினேன். காலையில் ஆணிகளைச் சுற்றி லேசாக நீலம் படர்ந்திருந்தது. கால்வாய் ஈரம் என்று நினைத்து, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். (தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறவனும் இத்தனை அக்கறையாக ஊற்றமாட்டான்.)

கோயிலில் தாலி கட்டியானதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைப் படகு அறையில் உட்காரவைத்தோம். உள்ளே அரை இருட்டு. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் பலகையில் சாய்ந்தார்கள். வெளியே வந்தபோது ஒவ்வொரு முதுகிலும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அருளப்பனின் தாயாருடைய வெள்ளைப் புடவையில்தான் அவை மிகத் தெளிவாக விழுந்திருந்தன.

கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. அதற்காகவே தொட்டிப் பக்கம் ஒரு குண்டூசியைக்கூட அண்டவிடாமல் தினமும் கூச்சல் போட்டவன் நான்.

"பாத்தீங்களா? ஏறுன அன்னிக்கே கறுப்பு! நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

எனக்குக் கால்வாயில் குதித்துவிடலாம் போலிருந்தது. நீச்சல் தெரியாது என்பதால் நின்றேன். அக்காவின் முகம் வெளிறிப்போயிற்று. தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அறைக்குள் போனாள். பலகையில் நன்றாகச் சாய்ந்து நின்றுவிட்டு வெளியே வந்து, மாமியாருக்கு முதுகைக் காட்டினாள்.

"இது சகுனம் இல்ல அத்தே. எங்க சாமுவேலு" என்றாள்.

அந்த அம்மாள் அக்காவின் முதுகையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவன இன்னாத்துக்குமா இந்த வேலைக்கு வுட்டீங்க?" என்று கேட்டவள், தன் முந்தானையை நனைத்து அக்காவின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். மை இன்னும் பரவியது. அவள் நிறுத்தவில்லை. துடைத்துக்கொண்டே அழுதாள்.

அருளப்பன் அந்தப் பலகைகளைக் கடைசிவரை மாற்றவில்லை. வருஷங்கள் போய், ஒருநாள் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பாவாடையெல்லாம் மையோடு வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கிழவியாகிவிட்ட அந்த மாமியார், என்னைத் துளியும் லட்சியம் செய்யாமல், பேத்தியைக் கேட்டாள்:

"எங்கடி போயி இப்படி சாமுவேலாயிட்டு வர்றே?"