நான் மொழிபெயர்த்த சித்தி

எனக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். இதை ஒரு பெரிய தகுதியாக நினைத்துக்கொண்டு திரிந்த காலத்தில்தான் என் சொந்தச் சித்தியின் வயிற்றில் அடித்தேன். இரண்டில் ஒன்று தெரியாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவள் ஊருக்குள் தலைநிமிர்ந்து போய்வந்துகொண்டிருப்பேன்.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். 'நிலைத்த சமூகங்களும் பருவநிலைச் செயல்பாடும்' என்று ஒரு திட்டம். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருக்கும் டீ ஆறிவிடும்.) மழை முன்னே பின்னே பெய்ய ஆரம்பித்துவிட்டதை விவசாயிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று மூன்று வருடம் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். நான் ஊர் ஊராகப் போகவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊரையே தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அதற்கான அறிவியல் காரணங்களை அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். உள்ளபடியான காரணம், அங்கே என் அம்மாவின் தங்கை பேச்சியம்மாள் சித்தி இருந்தாள். மத்தியானம் மீன்குழம்பு கிடைக்கும்.

சித்திக்குக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல். சித்தப்பா போனபிறகு தனியாகத்தான் பார்த்துவந்தாள். அந்தக் குளத்து மடையில் தண்ணீரை அடைத்துத் திறக்கிற இரும்புக் கதவு உடைந்து இரண்டு வருடமாகியிருந்தது. மழை பெய்து குளம் பெருகினாலும் தண்ணீர் தங்காது. நான் கேள்வித்தாளை விரித்து, "வெப்பநிலை உயர்வை எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் ஊரில் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான்: "மொதல்ல மடையச் சரிபண்ணச் சொல்லு." என் கேள்வித்தாளில் மடைக்குக் கட்டம் கிடையாது. 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

மூன்றாம் வருடம் நிபுணர் ஆலோசனைக் குழு வந்தது. நாலு பேர். ஆராய்ச்சி சரியான பாதையில் போகிறதா என்று பார்த்து வழிகாட்டுகிறவர்கள். அவர்கள் நல்லபடியாக நாலு வரி எழுதினால் திட்டம் இன்னும் மூன்று வருடம் நீளும், என் ஆய்வேடும் கரையேறும். எழுதாவிட்டால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கூட்டத்தைக் குற்றாலத்தில் சாரல் சீசனில் வைத்தோம். (வேறு எந்த மாதத்திலும் அவர்களுக்கு நேரம் இல்லையாம்.) வெளியே சாரலில் உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அதற்குமேல் ஏசி ஓடியது. பூமியைக் காப்பாற்ற வந்தவர்கள் முன்னால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிவைத்தவன் நான்தான். அடுக்குவதற்கு முன் லேபிளை எல்லாம் உரித்துவிடச் சொன்னார் என் பேராசிரியர். உரித்துவிட்டால் அது பிளாஸ்டிக் இல்லை என்று ஆகிவிடும் போல.

மறுநாள் ஊருக்குப் போய் மக்களைச் சந்திக்கிற நிகழ்ச்சி. பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நெகட்டிவா ஒரு வார்த்தை வந்துரக்கூடாது. நீதான் டிரான்ஸ்லேட் பண்ணப்போற. புரியுதா?"

"புரியுது சார்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை; நான் கேட்கவுமில்லை.

பத்து மணிக்கு வருவதாக ஊருக்குச் சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்குக் குழுத் தலைவருக்கு அருவி பார்க்க ஆசை வந்துவிட்டது. வடக்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து வந்திருந்த வெள்ளைத் தாடிக்காரர், மிகவும் மரியாதையான மனிதர். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. "எப்போது குறைப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டார். மலைமேல் யாரோ உட்கார்ந்து குழாயைத் திருகிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டார், பாவம். பிறகு ஐந்தருவிக்குப் போய்க் காத்திருந்து, தடை நீங்கி, குளித்து, செங்கோட்டை ரோட்டில் ரொட்டியும் கோழியும் சாப்பிட்டார்கள். நடுவில் சித்தி நாலு தடவை போன் பண்ணினாள்.

"ஏலே, எங்கன இருக்கிய?"

"இந்தா வந்துட்டோம் சித்தி." (கோழிக்கு இன்னொரு தட்டு சால்னா கேட்டுக்கொண்டிருந்தார்கள்.)

ஊர் போய்ச் சேர மணி ஒன்றரை. சமுதாயக்கூடத்தில் முப்பது நாற்பது பேர் நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசி பெண்கள், களையெடுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். எங்களை வேனில் கூட்டிவந்த டிரைவர் காதர் அண்ணாச்சி, கடையநல்லூர்க்காரர், வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

தலைவர் கைகூப்பி வணங்கிவிட்டு, இந்தத் திட்டத்தைப் பற்றி மக்கள் மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சித்தி எழுந்தாள்.

"மூணு வருசமா இவன் வாரான், எழுதுதான், போறான். எழுதி என்னத்தக் கண்டான்னு ஒருநா எங்கள்ட்ட சொன்னது கெடையாது. மடை ஒடஞ்சு கெடக்கு. பிசான நடவுக்குத் தண்ணி நிக்கலன்னா நாங்க நெல்ல எங்கன போயி நடுதது? பத்து மணில இருந்து வேலயப் போட்டுட்டு உக்காந்திருக்கோம். இவியளுக்கு இன்னும் தலைகூடக் காயல. குளிச்சிட்டு வாறாவ!"

கூட்டம் சிரித்தது. தலைவர் ஆவலோடு என்னைப் பார்த்தார். பேராசிரியரும் பார்த்தார். அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"ஷீ ஈஸ் வெரி கிரேட்ஃபுல், சார்," என்றேன். மிகவும் நன்றியோடு இருக்கிறாளாம்.

அவ்வளவுதானா என்று தலைவர் கேட்டார். தமிழ் கொஞ்சம் நீளமான மொழி என்று சொன்னேன்.

திட்டம் வந்தபிறகு தண்ணீரை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. "இருந்தால்லா பயன்படுத்த!" என்றாள் சித்தி. மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்களாம், அதற்கும் கிரேட்ஃபுல்லாம் என்றேன். தலைவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பொய் சொல்ல ஆரம்பித்தால் முதல் ஒன்றுதான் கஷ்டம், பிறகு அதுவாகவே வழுக்கிக்கொண்டு போகிறது.

கடைசியாக, இந்த ஆராய்ச்சியால் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டார்.

"படிச்சவன் வந்தா வீட்டுக் கதவப் பூட்டிக்கிடணும்னு படிச்சிருக்கோம்!"

"பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வு வந்திருக்கிறது, சார்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். ஒரு கணம் யோசித்து, "உணவுப் பாதுகாப்பு," என்று முடித்தேன்.

வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. காதர் அண்ணாச்சி நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைவர் திரும்பிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணாச்சி துபாயில் பதினைந்து வருடம் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வண்டி ஓட்டியவர் என்பது எனக்கு அன்றைக்கு அந்த நிமிடத்தில்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைவிட நல்ல இங்கிலீஷில், "மன்னிக்கணும் சார், அந்த அம்மா சொன்னது இது இல்லை," என்றார். பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மடையைச் சொன்னார். கதவைப் பூட்டுவதைச் சொன்னார். காயாத தலையையும் விடவில்லை. தலைவரின் கை தானாக மேலே போய் முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"இவன் என்ன சொன்னாம்யா?" என்று சித்தி அண்ணாச்சியைக் கேட்டாள்.

"நீங்க ரொம்ப நன்றியா இருக்கியன்னு சொன்னான் ஆச்சி."

சித்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்தாள்.

"நம்ம பயல்லா நிக்கான்னு நெனச்சு, உள்ளதச் சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மற்ற மூவரும் தட்டினார்கள். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற மக்களைப் பார்த்ததே இல்லை, இதுதான் திட்டத்தின் உண்மையான வெற்றி என்றார். பேராசிரியர் எல்லோரையும்விட வேகமாகத் தட்டினார்.

சித்தி உட்காரவில்லை. "மடைக்கு என்ன சொல்லுதாவ?"

காதர் அண்ணாச்சி கேட்டுச் சொன்னார்: "அது இவிய வரம்புக்குள்ள வராதாம் ஆச்சி."

"பெறவு எதுக்கு வந்தாவளாம்?"

"அத நான் கேக்க மாட்டேன். இவியளக் கொண்டுபோயி விடணும்லா."

குற்றாலம் திரும்பியதும் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பொய்யாக மொழிபெயர்த்ததற்குத்தான் என்று நினைத்து மன்னிப்பைத் தயார்செய்துகொண்டு போனேன்.

"டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியும்னு முன்னாடியே விசாரிச்சிருக்க வேண்டாமாய்யா?" என்றார்.

குழு நல்லபடியாக நாலு வரிக்குமேலேயே எழுதியது. திட்டம் நீண்டது. எனக்குப் பட்டமும் கிடைத்தது. அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. குளம் பெருகியது, மடை வழியாக ஓடியும் போனது. ஊரார் மணல்மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. தை மாதம் சித்தியின் வயலில் நெல் பால்பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. மாட்டுக்குத்தான் ஆயிற்று.

அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. அட்டையில் சித்தியின் படம், விரலை நீட்டிக்கொண்டு, என்னைத் திட்டுகிற தோரணையில். கீழே இங்கிலீஷில் 'தாக்குப்பிடிக்கும் பெண் விவசாயி'. கொண்டுபோய்க் கொடுத்தேன். (ஏன் கொடுத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.) அட்டையிலிருந்த தன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மடை எந்தப் பக்கத்துல இருக்கு?"

கடைசியில், பின்னிணைப்பில், 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. காட்டினேன்.

"வாசி."

வாசித்தேன். முடித்ததும், "சரி, வையி. காதர் இந்தப் பக்கம் வந்தா ஒருக்கா கேட்டுக்கிடுதேன்," என்றாள்.

அந்த ஊரில் இப்போது என் பெயர் கிரேட்ஃபுல். அர்த்தம் தெரியாத குழந்தைகள்கூட "கிரேட்ஃபுல் மாமா வந்திருக்காவ" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். மடைக்காகச் சித்தி தென்காசிக்கு மனு கொடுக்கப் போகும்போது நான் எழுதித் தருகிறேன் என்றேன். காதர் எழுதிவிட்டான் என்று சொல்லிவிட்டாள். மனு போயிருக்கிறது, மடை அப்படியேதான் கிடக்கிறது.

மீன்குழம்பு மட்டும் நிற்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவை பெண்டாட்டியோடு விருந்துக்குப் போயிருந்தபோது, இரண்டாம் முறை சோறு போட வந்த சித்தியிடம் கையை மறித்து, "போதும் சித்தி," என்றேன். சித்தி கரண்டியோடு நின்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏட்டி, இவன் உள்ளபடி என்னத்தச் சொல்லுதான்?"

வீடே சிரித்தது. என் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றாலும் சரி, தலைவலிக்கிறது என்றாலும் சரி, என் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள்.